மஞ்சள் ஸ்டிக்கர் மகாத்மியம்

டல்லாஸ் பக்கம், டெக்சாஸ்

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நீங்கள் நலமென்பது நேற்று வந்த வாய்ஸ் மெசேஜின் சத்தத்திலேயே தெரிந்தது. "ஏன் மாப்ளே, காருக்குப் பின்னால ஊட்டைக் கட்டி இழுத்துக்கிட்டுத் திரியறியாமா? அதைக் கோக்கற கொண்டிக்கு மட்டும் எண்ணூறு டாலராமா? இங்க பட்டறைல சொன்னா நாலாயிரத்துக்கு அடிச்சுத் தருவாங்க, பார்சல் போட்டுடட்டுமா?" என்று கேட்டிருந்தீர்கள். பதிலையும் அப்படியே பேசி அனுப்பியிருப்பேன். ஆனால் அத்தை ஸ்பீக்கரில் போடுவார்கள், ஷெட்டில் இருக்கிற அத்தனை டிரைவர்களும் கேட்பார்கள், லாரி வீட்டுச் சோறு தின்று வளர்ந்தவன் ஒரு கொண்டி வாங்க இந்தப் பாடு பட்டானா என்று சிரிப்பார்கள். அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கம் மட்டும் எடுத்துப் போகாதீர்கள். அவர்களுக்குப் புது யோசனைகள் வரும்.

ஊடு ஊடு என்கிறீர்கள். அது ஒரு ட்ரெய்லர். நீளம் இருபத்தாறு அடி, அகலம் எட்டடி. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு கக்கூஸ், ஒரு மேஜை. மேஜையை இறக்கினால் பிள்ளைகளுக்குப் படுக்கை. எல்லாம் ஏற்றின பிறகு 6,200 பவுண்டு, நம் கணக்கில் 2,800 கிலோ. சிமெண்ட் லோடு அடிக்கிற உங்களுக்கு இதெல்லாம் ஒரு பாரமா? இதை வாங்கக் காரணம் உங்கள் மகள். போன வருஷம் ஹோட்டல் அறையில் கடுகு தாளித்தாள். புகை அலாரம் அடித்து, மூன்று மாடி ஆட்களும் போர்வையோடு இறங்கி வாசலில் நின்றார்கள். இனிமேல் என் அடுப்பு என்னோடுதான் வரும் என்று அங்கேயே சொல்லிவிட்டாள். நீங்கள் வளர்த்த பிள்ளை, நான் என்ன சொல்ல முடியும்?

இழுக்கிற வண்டி பிக்கப். போட்டோவைப் பார்த்து அத்தை "மினி லாரியா?" என்று கேட்டார்களே, அதேதான். முன்மூஞ்சி அப்படித்தான் மிரட்டும். நானூறு குதிரைத் திறன். விளம்பரப் புத்தகத்தில் 11,000 பவுண்டு இழுக்கும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள், ஐந்து டன். ஆனால் மாமா, இந்த ஊரில் கொட்டை எழுத்தைப் படிக்கவே கூடாது. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், வெள்ளையும் மஞ்சளுமாக. ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் ஒருபோதும் போகக் கூடாது என்று அதில் இருக்கும். ஒருபோதும் என்ற சொல்லையும் சேர்த்தே அச்சடித்திருக்கிறார்கள். இதற்குப் பேலோடு என்று பெயர். என் வண்டிக்கு 1,520. கிலோவில் 690.

நம்ம ஊர் குட்டி யானை 750 கிலோ ஏற்றும். சந்தைக்குத் தக்காளி கொண்டுபோகிற அந்தச் சின்ன வண்டிக்கு இருக்கிற அனுமதி, என் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற இந்த மலைக்கு இல்லை. இழுக்க ஐந்து டன், சுமக்க முக்கால் டன்கூட இல்லை. ஏனென்றால் பிக்கப்பில் இந்த ரகம் ஆபீஸுக்குப் போய்வருகிறவன் வாங்குவது. ஸ்பிரிங் பட்டையை மெத்தென்று போட்டிருக்கிறார்கள், சீட்டுக்குச் சூடு வைத்திருக்கிறார்கள், சுமக்கிற சமாச்சாரத்தை மட்டும் ஸ்டிக்கரில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்கள்.

அந்த ஸ்டிக்கரைப் படித்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் குலதெய்வம். முதலில் குடும்பத்தை எடை பார்த்தோம். உங்கள் மகள் கூசாமல் ஏறி நின்று கூசாமல் சொன்னாள். பிள்ளைகள் இரண்டும் ஏறின. நான்தான் பெல்ட், போன், சாவிக்கொத்து, பர்ஸ் எல்லாவற்றையும் கழற்றிக் கட்டிலில் வைத்துவிட்டு ஏறினேன். "அதெல்லாம் வண்டியில வராதா? எடுத்து மாட்டிக்கிட்டு ஏறுங்க" என்றாள். ஏறினேன். 180 என்று எழுதிக்கொண்டார்கள். நாலு பேருக்கும் சேர்த்து 470. பெரியவள் கம்ப்யூட்டரில் ஒரு பட்டியலே போட்டுவிட்டாள். அதில் என் பெயருக்கு எதிரே மட்டும் சிவப்பு.

இதோடு முடிந்ததா? கொண்டியே 100 பவுண்டுக்குப் பக்கம் இருக்கும், அதுவும் சரக்குக் கணக்கு. பிக்கப்பின் பின்தொட்டியில் போடுகிற விறகு, சைக்கிள், ஸ்டூல் எல்லாம் கணக்கு. கடைசியாக, ட்ரெய்லரின் மூக்கு வண்டியின் மேல் அழுத்துகிறதே, அந்தப் பாரமும் இதே 1,520-க்குள்தான். அத்தை ஒரு தடவை போனில் கேட்டார்களே, பிள்ளைகளை ட்ரெய்லரிலேயே படுக்க வைத்துக் கூட்டிப் போகலாமே என்று. டெக்சாஸ் சட்டத்தில் ஓடுகிற ட்ரெய்லருக்குள் ஆள் இருக்கக் கூடாது. மெத்தை பின்னால் காலியாக வரும், நாங்கள் முன்னால் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து வருவோம்.

சின்னவன் ஒரு நாள் வழியில் சாப்பாடு முடிந்து கிளம்பினபோது கேட்டான்: "அப்பா, இட்லி ட்ரெய்லர்ல இருந்தப்ப ட்ரெய்லர் வெயிட். இப்ப நாம சாப்பிட்டோம். இனிமே அது ட்ரக் வெயிட்தானே?" பேசாமல் ஓட்டினேன். கணக்குப்படி அவன் சொன்னது சரி. அன்றிலிருந்து யாராவது நாலாவது இட்லியைத் தொட்டால் பெரியவள் "பேலோடு" என்கிறாள். உங்கள் மகளோ அந்த ஒரு சொல்லை வைத்தே குடும்பம் நடத்துகிறாள். என் கேமரா ஸ்டாண்டு பேலோடு, என் கூடுதல் செருப்பு பேலோடு, என் தடித்த புத்தகங்கள் பேலோடு. அரிசி மூட்டையும் டேபிள் டாப் கிரைண்டரும் மட்டும் "அத்தியாவசியம்". கிரைண்டரை ட்ரெய்லருக்குள் நேர் அச்சுக்கு மேல் வைத்துக் கயிறு போட்டுக் கட்டியாயிற்று. முகாமில் அதை ஓடவிட்டபோது பக்கத்து ட்ரெய்லர் பெரியவர் ஏதோ பேரிங் போய்விட்டது என்று நினைத்து கிரீஸ் டப்பாவோடு உதவிக்கு வந்தார். இரண்டு தோசை கொடுத்து அனுப்பினோம்.

சரி, நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ட்ரெய்லரைக் கோக்க உருண்டையும் பின்னும் போதாதா என்றும் கேட்டிருந்தீர்கள். டிராக்டருக்குப் போதும். எனக்கு ஏன் போதாது என்பதை அப்புச்சி இருந்தால் ஒரு நிமிஷத்தில் புரிந்துகொண்டிருப்பார். மாட்டு வண்டியில் பாரம் ஏற்றிய பிறகு நுகத்தைக் கையால் தூக்கிப் பார்த்து, முன்பாரம் பின்பாரம் என்று சொல்லி மூட்டையை நகர்த்தச் சொல்வாரே, இங்கேயும் அதேதான் விஷயம். ட்ரெய்லரின் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து வரை முன்பாரமாக உருண்டையின் மேல் உட்கார வேண்டும். பத்துக்குக் கீழே போனால் பின்னால் வருகிறது வாலாட்ட ஆரம்பிக்கும். பதினைந்துக்கு மேலே போனால் இழுக்கிற வண்டியின் முதுகு ஒடியும். எனக்கு முன்பாரம் 800 பவுண்டு, கிட்டத்தட்ட பதின்மூன்று சதவீதம். விற்ற கடையின் காகிதத்தில் 560 என்று இருந்தது. அது காலி வண்டிக்கு. பேட்டரி, மூக்கிலேயே வைத்திருக்கிற இரண்டு கேஸ் சிலிண்டர், முன் அறையில் உங்கள் மகள் அடுக்கிய அரிசி பருப்பு, இதையெல்லாம் காகிதம் எங்கே பார்த்தது? தண்ணீர் டாங்க் வேறு அச்சுக்குப் பின்னால் இருக்கிறது. நிறைத்தால் 330 பவுண்டு பின்னால் இறங்கி, முன்பாரம் குறையும். அதனால் தண்ணீர் பிடிப்பதற்கும் எனக்கு அனுமதி தேவைப்படுகிறது.

வண்டியின் அடியில் கொண்டி செருகுகிற இரண்டங்குலச் சதுரக் குழாயிலும் ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது, ஆமாம், இன்னொன்று. வெறும் உருண்டை போட்டால் முன்பாரம் 500 பவுண்டு வரைதான். பாரம் பிரிக்கிற கொண்டி போட்டால்தான் அதற்கு மேல். ஆக, நம் பட்டறையில் எவ்வளவு கெட்டியாக அடித்தாலும், 800 பவுண்டை வெறும் உருண்டையில் உட்கார வைக்க எனக்கு அனுமதி இல்லை. உங்கள் கேள்விக்குப் பதில் அவ்வளவுதான், மாமா. மீதியெல்லாம் நான் பட்ட பாடு.

பாரம் பிரிக்கிறது என்றால் இப்படி. உருண்டை பின் அச்சுக்கு நாலைந்தடி பின்னால் இருக்கிறது. அங்கே 800-ஐ வைத்தால் பின் அச்சுக்கு 800 அல்ல, ஆயிரத்துக்கு மேல் போகும். 800-க்கு மேல் போகிற அளவுக்கு முன் அச்சு லேசாகும். ஸ்டியரிங் மிதக்கும், முன் பிரேக் பிடிமானம் குறையும், ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும், எதிரே வருகிறவன் கை நீட்டித் திட்டுவான். இதற்காகக் கொண்டியின் தலையிலிருந்து இரண்டு எஃகுக் கம்பிகளை ட்ரெய்லரின் மூக்குச் சட்டத்துக்கு அடியில் பின்னோக்கி நீட்டி, வில்லாக வளைத்து, தாங்கியில் ஏற்றி வைக்கிறார்கள். அந்தக் கம்பி நிமிரப் பார்க்கும். நிமிர முடியாது. அந்த விசையில் கொஞ்சம் பாரம் முன் சக்கரத்துக்கும் கொஞ்சம் ட்ரெய்லர் சக்கரத்துக்கும் போய்விடும்.

இதிலும் கடைக்காரர்கள் சொல்லும் ஒரு பொய் உண்டு, கவனமாகக் கேளுங்கள்: இந்தக் கொண்டி போட்டால் வண்டி அதிகம் சுமக்கும் என்பார்கள். சுமக்காது. ஸ்டிக்கரின் எண் ஒரு பவுண்டுகூட ஏறாது. இருக்கிற பாரம் இடம் மாறும், அவ்வளவுதான்.

ட்ரெய்லரோடு கடையில் ஒரு கொண்டி இலவசமாக மாட்டித் தந்தார்கள், சங்கிலி போட்ட ரகம். மாட்டின பையன் அளக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. எல்லாருக்கும் மூன்றாவது கண்ணி என்று மாட்டிவிட்டுப் போனான். ஃபோர்ட் வொர்த்திலிருந்து அமரில்லோவுக்கு 287 நெடுஞ்சாலை. அந்தப் பக்கம் வடக்கு டெக்சாஸில் காற்றென்றால் காற்று. பதினெட்டுச் சக்கர லாரி ஒன்று ஏறிப் போனது. அது பக்கத்தில் வரும்போது காற்று நம்மை வெளியே தள்ளும், தாண்டும்போது உள்ளே இழுக்கும், உங்களுக்குத் தெரியாததா? பின்னால் இருந்த வீடு இடமும் வலமுமாக வாலைச் சுழற்ற ஆரம்பித்தது. பிரேக்கை மிதிக்கவில்லை மாமா, அதற்காகவாவது என்னை மெச்சிக்கொள்ளுங்கள். ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு, ட்ரெய்லரின் பிரேக்கை மட்டும் தனியாகப் பிடிக்க ஒரு சின்ன விசை இருக்கிறது, அதை மெதுவாக அழுத்தினேன். வீடு நேராக நின்றது. சின்னவன் "இன்னொரு தடவை" என்றான். உங்கள் மகள் விச்சிட்டா ஃபால்ஸ் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வந்ததும் பேசினாள்: "நல்ல கொண்டியா வாங்குங்க."

நல்ல கொண்டி எது என்று பத்துப் பேரைக் கேட்டால் இங்கே பன்னிரண்டு பதில் வரும். அந்தச் சங்கிலி ரகத்துக்கு ஆடாமல் பிடிக்கத் தனியாக ஒரு உராய்வுக் கட்டை உண்டு. மலிவு. ஆனால் ரிவர்ஸ் எடுக்கும் முன் இறங்கிப் போய் அதைக் கழற்ற வேண்டும், மறந்தால் வளைந்துவிடும். முகாமில் எனக்குப் பின்னால் நாலு வண்டி ஹாரன் அடிக்காமல் புன்னகையோடு காத்திருக்கும். அந்தப் புன்னகைக்கு நம்ம ஊர் ஹாரனே தேவலை. பெயரிலேயே எருதை வைத்திருக்கும் ப்ளூ ஆக்ஸ், நெப்ராஸ்காவில் செய்வது. கம்பி ட்ரெய்லரை எப்போதும் நடுவுக்கே தள்ளிக்கொண்டிருக்கும், சத்தம் குறைவு. யூட்டாவில் செய்கிற ஈக்வலைசர் தாங்கியின் மேல் கம்பி உரசிக்கொண்டே திரும்பும். அந்த உராய்வே ஆட்டத்தை அடக்கும், கழற்றாமல் ரிவர்ஸ் எடுக்கலாம். ஆனால் திரும்பும்போது பழைய கோயில் கதவு திறக்கிற சத்தம். ஹென்ஸ்லி என்று ஒன்று இருக்கிறது. நாலு இணைப்புக் கம்பிகளால், உருண்டை பின் அச்சுக்குப் பக்கத்திலேயே இருப்பதாக வண்டியை நம்பவைத்துவிடும். காற்றுக்கு அசையாது என்கிறார்கள். விலை மூவாயிரம் டாலருக்கு மேல். ரூபாயில் உங்களுக்குச் சொல்ல எனக்குத் தைரியமில்லை, அத்தைக்கு மனத்துக்குள் பெருக்கத் தெரியும்.

நான் யூட்டா கொண்டியை எடுத்தேன். சத்தம் போடுகிறது என்பதே எனக்குப் பிடித்த காரணம். வேலை செய்கிறது என்று தெரிகிறதே. கம்பியிலும் அளவு உண்டு: 600, 1,000, 1,200 என்று முன்பாரத்துக்கு ஏற்ப. கெட்டியாக இருக்கட்டுமே என்று பெரியதை எடுக்கக் கூடாது. கம்பி வளைந்தால்தான் வேலை நடக்கும், வளையாத கம்பி தூக்கித் தூக்கிப் போடும். 800-க்கும், பின்தொட்டிச் சாமானுக்கும் சேர்த்து 1,000 பவுண்டுக் கம்பி.

மாட்டுவது நானேதான். இங்கே கூலி மணிக்கணக்கு, மெக்கானிக் ஸ்பேனரைத் தொடும் முன்னாலேயே மீட்டர் ஓட ஆரம்பித்துவிடும். வார நாட்களில் ஆபீஸ், வாரக் கடைசியில் பிளம்பர், எலெக்ட்ரீஷியன், தோட்டக்காரன், இப்போது கொல்லனும் நானே. நம் ஷெட்டில் டீ வருவதற்குள் நாலு பேர் கை வைத்து முடித்திருப்பார்கள், கூடவே மூன்று பேர் சும்மா நின்று யோசனை சொல்லியிருப்பார்கள். இங்கே யோசனை சொல்லக்கூட ஆளில்லை. முன் சக்கர வளைவின் உயரத்தை ட்ரெய்லர் இல்லாமல் அளந்தேன், 37½ அங்குலம். கம்பி இல்லாமல் ட்ரெய்லரை ஏற்றி அளந்தால் 38¾. அதாவது மூக்கு ஒன்றேகால் அங்குலம் தூக்கிவிட்டது. கம்பி போட்டால் அதில் பாதியாவது இறங்க வேண்டும். சில வண்டிக் கம்பெனிகள் பாதி போதும் என்கின்றன, சில கிட்டத்தட்ட முழுவதும் என்கின்றன. பழைய உயரத்துக்கும் கீழே மட்டும் போகக் கூடாது. கொண்டித் தலையில் வாஷர் சேர்த்துச் சேர்த்துச் சாய்வை மாற்றி, 38-க்குக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு வாஷருக்கும் எல்லாவற்றையும் பிரித்து மாட்ட வேண்டும்.

உருண்டையின் நட்டுக்கு 450 அடி-பவுண்டு முறுக்கு வேண்டுமென்று புத்தகம் சொல்கிறது. என்னிடம் இருக்கிற ஸ்பேனர் அதில் பாதிகூடத் தாங்காது. அப்போதுதான் மாமா, நீங்கள் சக்கர நட்டுக்குச் செய்கிற வித்தை ஞாபகம் வந்தது. ஸ்பேனரில் பைப்பைக் கோத்து இரண்டரை அடிக்கு நீட்டினேன். நான் 180 பவுண்டு. நுனியில் ஏறி நின்றேன். 180-ஐ இரண்டரையால் பெருக்கினால் சரியாக 450. பெரியவள் பட்டியலில் சிவப்பாக இருந்த எடை, நாலு வருஷமாக டாக்டர் குறைக்கச் சொல்கிற எடை, ஒரு பவுண்டுகூட அதிகமில்லாமல், குறைவில்லாமல் பயன்பட்டது. உங்கள் மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இறங்குங்க, எதிர் வீட்டுக்காரங்க பார்க்கறாங்க" என்றாள்.

எதிர் வீட்டுக்காரர்கள் பார்த்ததன் பலன் அடுத்த வாரமே தபாலில் வந்தது. குடியிருப்போர் சங்கத்துக்காரர்கள் வாசலில் ட்ரெய்லரை இரண்டு நாளைக்கு மேல் நிறுத்தக் கூடாதென்று எழுதியிருந்தார்கள். நம் வீட்டு வாசலில் ஆறு லாரி நின்ற காலத்தில் எந்தச் சங்கம் கேட்டது? இப்போது ஊருக்கு வெளியே மாத வாடகைக்கு ஒரு பொட்டலில் நிற்கிறது.

இன்னொன்று கேளுங்கள். இத்தனை ஸ்டிக்கர் ஒட்டியவர்கள், இந்தத் தேரை ஓட்ட என்ன லைசென்ஸ் கேட்டார்கள் தெரியுமா? கார் லைசென்ஸ். நேற்றுவரை சைக்கிள் ஸ்டாண்டில் இடித்தவன்கூட நாளைக் காலையில் மூன்று டன்னைக் கட்டிக்கொண்டு நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகலாம். உங்களிடம் ஹெவி லைசென்ஸ் எடுக்க வந்த பையன்களை எத்தனை வருஷம் கிளீனராகவே வைத்திருந்தீர்கள்! என்னை எந்தப் போலீஸும் நிறுத்தி எடை போடவில்லை, போடவும் மாட்டார்கள். ஸ்டிக்கருக்குப் பயந்தவன் மட்டும் பயப்பட வேண்டியதுதான். எனக்கு இது பிடிக்கவில்லை. ஓவர்லோடுக்கு உங்களை நிறுத்தினவர்களைத் திட்டித்தான் வளர்ந்தேன், இங்கே வந்து அவர்களைத் தேடுகிறேன்.

கம்பி மாட்டி முடித்ததும் எடை மேடைக்குப் போனோம். நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் என்று இருக்கும். முன் அச்சு, பின் அச்சு, ட்ரெய்லர் அச்சு மூன்றையும் தனித்தனிப் பலகையில் நிறுத்தி ஒரே சீட்டில் எழுதித் தருவார்கள். நல்லவேளை, இருபது இருபது பவுண்டாகத்தான் காட்டும், என் பர்ஸும் சாவிக்கொத்தும் அதில் மறைந்துபோகும். எனக்கு முன்னால் நாலு பெரிய லாரி நின்றது. டீசல் வாசனை, சூடான டயர், ஏர் பிரேக் விடுகிற பெருமூச்சு. ஜன்னலை இறக்கினேன். உங்கள் மகளும் அவள் பக்கத்து ஜன்னலை இறக்கினாள். ஏசி போகிறது என்று பிள்ளைகள் கத்தின. நாங்கள் ஏற்றவில்லை.

மேடையில் ஏறிப் பொத்தானை அழுத்தினால் ஒலிபெருக்கியில் ஒரு அம்மா கேட்கிறாள்: கம்பெனி பெயர் என்ன, வண்டி நம்பர் என்ன? லாரிக்காரர்களிடம் கேட்கிற கேள்வி. எனக்கென்ன கம்பெனி? நம்ம டிரான்ஸ்போர்ட் பெயரைச் சொன்னேன். எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னாள், சொன்னேன். வண்டி நம்பர் கேட்டதற்கு வாயில் வந்தது பழைய ஆறு சக்கர வண்டியின் நம்பர்தான். அதை நீங்கள் விற்றபோது நான் ஊரில் இல்லை. இப்போது டெக்சாஸ் எடை மேடைச் சீட்டில் நம் டிரான்ஸ்போர்ட் பெயரும் அந்த நம்பரும் அச்சாகியிருக்கிறது. போட்டோ அனுப்பியிருக்கிறேன். ஷெட்டில் ஒட்டுங்கள். இதை மட்டும் எல்லாருக்கும் காட்டலாம்.

சீட்டின் கணக்கைப் பாருங்கள், இது உங்களுக்குப் பிடிக்கும். பிக்கப் மட்டும் தனியாக: முன் அச்சு 3,240, பின் அச்சு 2,820. ட்ரெய்லரை ஏற்றி, கம்பி போடாமல்: முன் 2,880, பின் 3,980, ட்ரெய்லர் 5,400. பின் அச்சுக்கு அனுமதியே 3,800-தான். உருண்டையும் பின்னும் மட்டும் போட்டிருந்தால், நம்ம ஊரானால் அங்கேயே கேஸ். கம்பி போட்ட பிறகு: முன் 3,120, பின் 3,560, ட்ரெய்லர் 5,580. கூட்டிப் பாருங்கள், இரண்டு தடவையும் மொத்தம் 12,260. எங்கும் ஒரு பவுண்டு குறையவில்லை, பின் அச்சு 420 இறங்கியிருக்கிறது, அதில் 240 முன்னால், 180 பின்னால் போயிருக்கிறது. உங்கள் மகள் சீட்டைப் பார்த்துவிட்டு, "அப்பா இதை டயர் பிதுங்கறதைப் பார்த்தே சொல்லியிருப்பாரு" என்றாள். எண்ணூறு டாலர் கொடுத்தவனிடம் சொல்கிற பேச்சா இது?

அதற்கப்புறம் பாலோ டூரோ பள்ளத்தாக்குக்குப் போனோம். பத்து சதவீத இறக்கம். தொப்பூரில் நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி பிரேக்கை நம்பாமல் கியரிலேயே இறக்கினேன். காற்று இருந்தது, லாரிகள் தாண்டிப் போயின, வீடு பின்னால் சாதுவாக வந்தது. கொண்டி மட்டும் ஒவ்வொரு வளைவிலும் கத்தியது. சின்னவன் ஏமாந்து போனான்.

ஆகவே பட்டறைக் கொண்டியைப் பார்சல் போட வேண்டாம். அதன் எடைக்குக் கருப்பட்டி போட்டால் மறுக்க மாட்டேன், அதை அச்சுக்கு மேல் வைத்துக்கொள்ளலாம்.

இனி முக்கிய விஷயம். விசா வந்துவிட்டால் அக்டோபரில் வாருங்கள், குளிர் ஆரம்பிக்கும் முன் பிக் பெண்டு பூங்காவுக்குப் போகலாம். முன்னால் பெஞ்சு சீட், மூன்று பேர் உட்காரலாம், ஆக ஆறு பேருக்கும் இடம் இருக்கிறது. ஆனால் வண்டிக்கு அனுமதித்த மொத்த எடை 7,000, இப்போது 6,680-ல் நிற்கிறது. மிச்சம் 320 பவுண்டு, 145 கிலோ. பெட்டிகள் ட்ரெய்லருக்குப் போய்விடும், அதனால் உங்கள் இருவருடைய எடை மட்டும் வேண்டும். அரிசி மண்டித் தராசில் செருப்போடு, உங்கள் சாவிக்கொத்தோடு, அத்தை நகையோடு நின்று பார்த்து எழுதி அனுப்புங்கள். கூட்டினால் 145-க்குள் வர வேண்டும். வராவிட்டால் மாமா, கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்தத் தடவை அத்தை மட்டும் வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாப்பிள்ளை